ஈன்ற மாட்டுக்கு நாற்பது நாள்

"மூன்று ஊசி போட்டாயிற்று. மாடு சினைக்கு நிற்கவில்லை. ஊசியில் சத்து இல்லை." குடவாசல் பக்கத்தில் எந்தக் கால்நடை மருந்தகத்தின் வாசலில் அரைமணி நேரம் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அடுத்த மாதமே அந்த மாடு வியாபாரி கைக்குப் போய்விடும். நல்ல கறவை மாடு, இரண்டாம் ஈத்து அல்லது மூன்றாம் ஈத்தில், மலட்டு மாட்டின் விலைக்குப் போகிறது. ஒன்றிரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக் குடும்பம் நடத்தும் சிறு விவசாயிக்கு இது சின்ன நஷ்டம் அல்ல. குறுவை போனால் சம்பா இருக்கிறது என்று தேறிக்கொள்ளலாம். மாடு போனால் அடுத்த மாடு வாங்கக் கடன்தான் வழி.

குறை ஊசியில் இருக்கலாம். போடுகிற நேரம் தவறியிருக்கலாம். ஆனால் பல மாடுகளில் காரியம் கெட்டது ஊசி போட்ட நாளில் அல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, கன்று ஈன்ற அந்த வாரத்திலேயே கெட்டுவிட்டது என்பது என் கருத்து. மரபணு ஆராய்ச்சியில் கடந்த சில பத்தாண்டுகளில் கிடைத்துள்ள விவரங்களும் அதையே சொல்கின்றன. மரபணு என்றதும் இது படித்தவர்கள் விஷயம் என்று விவசாயப் பெருமக்கள் ஒதுங்கிவிட வேண்டாம். கொட்டிலில் நாளைக்கே செய்யக்கூடிய காரியங்கள் இதிலிருந்து வருகின்றன.

ஈன்ற பிறகு உள்ளே நடப்பது

கன்று விழுந்த அன்று பசுவின் கருப்பை ஏறத்தாழ 9 முதல் 10 கிலோ எடை இருக்கும். ஒரு மாதத்தில் அது சுமார் 1 கிலோவாகச் சுருங்கிவிட வேண்டும். உடம்பில் வேறு எந்த உறுப்பும் இவ்வளவு வேகமாகத் தன்னைத் தானே குறைத்துக்கொள்வதில்லை. கருப்பையின் உட்சுவரில் 70 முதல் 120 வரை பொத்தான் போன்ற முண்டுகள் உண்டு. நஞ்சுக்கொடி ஒட்டியிருந்தது அவற்றில்தான். கொடி விழுந்ததும் அந்த முண்டுகளின் மேல்பகுதி செத்து, கரைந்து, சுமார் 12 நாளுக்குள் கழிந்துவிடும். அந்த இடமெல்லாம் புண். புண் ஆறிப் புதுத்தோல் மூட ஏறத்தாழ 25 முதல் 30 நாள் ஆகும். உள் அடுக்குகள் முழுவதும் பழைய நிலைக்கு வர 40 முதல் 50 நாள் வேண்டும்.

இந்த நாட்களில் வெளியே வருகிற கழிவு முதலில் செந்நிறமாகவும் பிறகு பழுப்பாகவும் இருந்து, இரண்டு, இரண்டரை வாரத்தில் நின்றுவிடும். நாற்றம் இருக்கக் கூடாது. நாற்றம் அடித்தாலோ, மூன்று வாரத்துக்குப் பிறகும் சீழ் வழிந்தாலோ, உள்ளே புண் ஆறவில்லை என்று அர்த்தம்.

மதகு திறப்பதும் மூடுவதும்

மரபணு என்றால் தாய் தகப்பனிடமிருந்து வரும் வம்சக் குணம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பாதி உண்மை. பசுவின் உடம்பில் ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் இருப்பதாக 2009-ல் உலக விஞ்ஞானிகள் கூடிப் பசுவின் மரபணுத் தொகுதி முழுவதையும் படித்து வெளியிட்டார்கள். கொம்படியில் உள்ள உயிரணுவிலும் கருப்பையில் உள்ள உயிரணுவிலும் இருப்பது அதே 22,000 தான். எது எங்கே, எப்போது வேலை செய்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டால் மட்டும் சோழசூடாமணி ஆற்றுப் பாசன வயலெல்லாம் விளைந்துவிடாது. எந்தத் தலைப்பை என்றைக்குத் திறப்பது, எந்த மதகை எத்தனை நாள் கழித்து மூடுவது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது. மரபணுவும் ஒரு மதகு. அது திறக்கும்போது அதன் நகல் எடுக்கப்பட்டு, அந்த நகலிலிருந்து உடம்புக்கு வேண்டிய ஒரு புரதம் உண்டாகிறது. மூடினால் அந்தப் புரதம் நின்றுபோகும். கருப்பையின் உட்சுவரிலிருந்து கடுகளவு தசையை எடுத்து, எந்த மரபணுவின் நகல் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பார்க்க இப்போது முடிகிறது. எந்த மதகு திறந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று அதில் தெரிந்துவிடும்.

கன்று ஈன்றதும் மூன்று வகை மதகுகள் வேலை செய்கின்றன. முதலாவது, பழைய தசை நார்களை வெட்டிக் கரைக்கும் புரதங்களுக்கானது. கருப்பை சுருங்குவது இதனால்தான். இரண்டாவது, கிருமி வந்துவிட்டது என்று கூப்பாடு போட்டு வெள்ளை அணுக்களை அழைக்கிற அபாயச் சங்கு. மூன்றாவது, புதுத்தோல் மூடுவதற்கானது. முதல் வாரத்தில் சங்கு ஊத வேண்டும். கிருமி ஒழிந்ததும் மூன்று, நான்கு வாரத்துக்குள் அது அடங்க வேண்டும். அடங்கினால்தான் புதுத்தோல் ஒழுங்காகப் பிடிக்கும்.

இங்கேதான் ஒரு முக்கியமான சேதி இருக்கிறது. ஈன்ற முதல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லா மாட்டின் கருப்பையிலும் கிருமி புகுந்துவிடுகிறது. சுத்தமான கொட்டில், அசுத்தமான கொட்டில் என்ற பேதத்தால் கிருமியின் அளவு கூடும், குறையும். அடியோடு இல்லாமல் போவதில்லை. ஆகவே கிருமி புகுந்ததா இல்லையா என்பதை விட, மாட்டின் உடம்பு அதை எத்தனை நாளில் துடைத்துத் தள்ளுகிறது என்பதுதான் கேள்வி. பிற்பாடு சினை பிடிக்காமல் போன மாடுகளில் அபாயச் சங்கு மரபணுக்கள் முதல் வாரத்திலேயே அளவுக்கு மீறி ஊதியிருந்ததை இங்கிலாந்து ஆராய்ச்சியாளர்கள் 2009-ல் கண்டறிந்தார்கள். கிருமியின் நச்சு கருப்பையோடு நிற்காமல் சூலகத்தையும் தாக்கி, முட்டை வளர்ச்சியைக் கெடுக்கிறது என்பதும் தெரிந்திருக்கிறது. சீழ் நின்ற பிறகும் மாடு பருவத்துக்கு வராமல் இழுத்தடிப்பதற்கு இது ஒரு காரணம்.

டெல்டா விவசாயிக்குத் தெரியாததா! தண்ணீர் வைப்பதை விட வடிப்பதுதான் நம் வயலில் பெரிய பாடு. வடிகால் தூர்ந்தால் நாற்று அழுகும். கருப்பைக்கும் அதே கதைதான்.

பசித்த மாட்டின் புண் ஆறாது

சங்கு ஏன் சில மாடுகளில் அடங்குவதில்லை? இதற்கு விடை சொல்லும் ஒரு சோதனை 2009-ல் வெளியாயிற்று. இங்கிலாந்து, அயர்லாந்து விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தது. ஈன்ற மாடுகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு வேண்டிய மட்டும் தீவனம். நாளுக்கு ஒருமுறைதான் கறவை. இன்னொரு பிரிவுக்கு அளந்து குறைத்த தீவனம். நாளுக்கு மூன்று முறை கறவை. இரண்டு வாரம் கழித்துக் கருப்பையின் மரபணுக்களைப் பார்த்தார்கள். நன்றாகத் தின்ற மாடுகளில் கருப்பை தேறும் பாதையில் இருந்தது. அரைவயிற்று மாடுகளில் அழற்சி மரபணுக்கள் இன்னும் முழு வேகத்தில் திறந்தே கிடந்தன.

ஈன்ற முதல் வாரங்களில் பால் ஏறுகிற வேகத்துக்கு மாட்டின் தீனி ஏறுவதில்லை. பற்றாக்குறையை உடம்புக் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. அந்த நிலையில் இரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களுக்கே சக்தி போதாமல் போகிறது. கிருமியை ஒழிக்க வந்த படை கூலியில்லாமல் நிற்கிறது. சங்கு ஊதிக்கொண்டே இருக்கிறது.

அந்த விஞ்ஞானிகள் வேண்டுமென்றே அமைத்துப் பார்த்த சோதனையை நாம் வேண்டாமலே வீட்டுக்கு வீடு நடத்திக்கொண்டிருக்கிறோம். கலப்பின ஜெர்சிப் பசு 8 லிட்டர், 10 லிட்டர் கறக்கிறது. தின்பது வைக்கோல். நெல் வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மணிச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் கருப்பைத் தசை சுருங்காது, நஞ்சுக்கொடியும் தங்கும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு வைக்கோலில் பாதி சேற்றில் மிதிபடுகிறது. மீதியைக் கட்டாகக் கட்டி வெளி மாவட்டத்துக்கு ஏற்றி அனுப்பிவிட்டு, கோடையில் அதிக விலை கொடுத்து நாமே திரும்ப வாங்குகிற வீடுகளும் உண்டு.

பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பத்தியச் சோறு, காயமருந்து, வெந்நீர், ஓய்வு என்று எவ்வளவு பார்க்கிறோம்! மாட்டுக்கோ ஈன்ற அன்று ஒருவேளை கஞ்சி. மறுநாள் முதல் பழைய வைக்கோல். பால் மட்டும் முழு அளவு வேண்டும். இது நியாயமா என்று கேட்கவில்லை. இது லாபமா என்றுதான் கேட்கிறேன்.

கணக்குப் பாருங்கள்

பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாள். வருடத்துக்கு ஒரு கன்று வேண்டுமானால் 365-ல் 280 போக மீதி 85 நாள். இந்த 85 நாளுக்குள் மாடு சினையாக வேண்டும். 60-வது நாளில் முதல் ஊசி, தப்பினால் 21 நாள் கழித்து 81-வது நாளில் இரண்டாவது ஊசி. ஆக இருப்பதே இரண்டு வாய்ப்புகள். கருப்பை ஆறாமல் இருந்தால் இரண்டும் வீண். அதற்கப்புறம் ஒவ்வொரு 21 நாளும் தீனிச் செலவு.

5 வருடத்துக்கு 60 மாதம். 13 மாதத்துக்கு ஒரு கன்று போட்டால் 4 கன்றைத் தாண்டும். 18 மாதத்துக்கு ஒன்று என்றால் 3 தான். ஒரு கன்றும் ஒரு ஈத்துப் பாலும் கைநழுவுகின்றன. முதல் நாற்பது நாளில் மிச்சம் பிடித்த பிண்ணாக்கு இதற்கு ஈடாகுமா?

ஆகவேதான் 15 லிட்டர் கறக்கும் மாட்டைத் தேடிப் போகும் சிறு விவசாயிகளிடம் நான் சொல்வது: உங்கள் தீவனம் தாங்கக்கூடிய மாட்டை வாங்குங்கள். வருடா வருடம் ஈனும் 7 லிட்டர் மாடு, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஈனும் 15 லிட்டர் மாட்டை விடக் குடும்பத்துக்கு நல்லது. நம் உம்பளச்சேரி மாடு பால் குறைவு. ஆனால் இந்த மண்ணுக்கும் சேற்றுக்கும் வைக்கோலுக்கும் பழகியது. கன்று ஊட்டும் நாட்டுப் பசு பருவத்துக்கு வரச் சற்றுத் தாமதமாகும். அது நோயல்ல, பதற வேண்டாம்.

கொட்டிலில் செய்ய வேண்டியவை

கவனிப்பு ஈன்ற அன்று தொடங்கினால் காலம் கடந்தது என்று அர்த்தம். கடைசி இரண்டு மாதம் பாலை வற்றவிட்டு, தினம் 1 முதல் 1½ கிலோ அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் கொடுக்க வேண்டும். ஈனும்போது மாடு எலும்பும் தோலுமாக இருக்கக் கூடாது. கொழுத்தும் இருக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈனும் மாட்டுக்குச் சேறில்லாத மேட்டிடம் ஒன்று ஒதுக்குங்கள். காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். கன்றை இழுக்க நேர்ந்தால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் உள்ளே விடாதீர்கள்.

நஞ்சுக்கொடி விழும்வரை கன்றுக்குச் சீம்பால் ஊட்டக் கூடாது என்ற பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. இது இரண்டு பக்கமும் கெடுதல். கன்றுக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் போக வேண்டும். கன்று முட்டிக் குடிக்கும்போது தாயின் உடம்பில் சுரக்கிற ஆக்சிடோசின் கருப்பையைச் சுருக்கி, கொடி விழவும் உதவுகிறது. இயற்கை கொடுத்த மருந்தை நாமே தடுத்து நிறுத்துகிறோம்.

கொடி சாதாரணமாக 6 முதல் 8 மணி நேரத்தில் விழுந்துவிடும். 12 மணி தாண்டினால் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 1962 என்ற எண்ணுக்குப் பணமில்லாமல் பேசலாம். தொங்கும் கொடியில் செங்கல் கட்டுவது, கையை விட்டுப் பிய்ப்பது இரண்டும் வேண்டாம். பிய்த்த இடத்தில் புண் ஆழமாகிறது. கிருமிக்கு வாசல் திறக்கிறது. மருத்துவர்களே இப்போது கொடியைப் பலவந்தமாக இழுப்பதில்லை. இளங்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கத்துக்கு, நாய் இழுக்காது என்ற பயன் உண்டு. ஆயினும் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே மேல். கருச்சிதைவு நோயான புருசெல்லா இருந்தால் கொடி வழியாக அது மனிதருக்கும் தொற்றும். வெறுங்கையால் தொடாதீர்கள். 4 முதல் 8 மாத வயதுக் கிடாரிக் கன்றுகளுக்கு இந்நோய்க்கான தடுப்பூசி 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் போடப்படுகிறது. விட்டுவிடாதீர்கள்.

ஈன்ற முதல் பத்து நாள் தினம் வாலைத் தூக்கிப் பாருங்கள். நாற்றம், தண்ணீர் போன்ற செம்பழுப்புக் கழிவு, தீனி எடுக்காமை, 103 டிகிரிக்கு மேல் காய்ச்சல் இருந்தால் அன்றே வைத்தியம் வேண்டும். தாமாகக் கடையில் ஆன்டிபயாடிக் மாத்திரை வாங்கிக் கருப்பைக்குள் வைப்பவர்கள் இருக்கிறார்கள். அது புண்ணை அதிகமாக்கலாம். மருந்து பாலிலும் கலக்கும்.

தீவனத்தில், உடம்பைப் பராமரிக்க 1½ கிலோ, அதற்கு மேல் 2½ லிட்டர் பாலுக்கு 1 கிலோ என்று அடர்தீவனம் கணக்கிடுங்கள். ஒரே நாளில் ஏற்றாமல் இரண்டு வாரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். பாசத்தில் அரிசிச் சோற்றைக் கொட்டினால் வயிறு புளித்து இருக்கிற தீனியும் நின்றுபோகும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மருந்தகங்களில் நிற்கும் கூட்டமே சாட்சி. தாது உப்புக் கலவை தினம் 50 கிராம்.

இவ்வளவுக்குப் பணம் எங்கே என்று கேட்பீர்கள். சம்பா அறுவடைக்கு முன் தெளிக்கும் உளுந்து, பச்சைப் பயறு இவற்றின் காய் பறித்த செடியும் பொட்டும் புரதம் உள்ள தீவனம். களத்திலேயே கொளுத்தாமலும் மழையில் அழுகவிடாமலும் காயவைத்துக் கட்டி வையுங்கள். ஈன்ற மாட்டுக்கென்று தனியாக வையுங்கள். வரப்போரம் அகத்தி, கொல்லையில் சில குழிகளில் வேலிமசால், கோ தீவனப்புல் போடலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 65 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் வைக்கோலின் சத்து கூடும். கரைசலை மாடு நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்கு இந்த வைக்கோல் கூடாது.

அலுவலர்களுக்கு ஒரு வார்த்தை

விவசாயியை மட்டும் சொல்லிப் பயனில்லை. நம் துறைகளில் ஊசி எத்தனை போட்டோம் என்பதே பெரிய கணக்காக இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க வில்லை இருக்கிறது. ஊசி போட்ட தேதி பதிவாகிறது. அதே பதிவில் கொடி எத்தனை மணிக்கு விழுந்தது, 30-வது நாள் பரிசோதனையில் கருப்பை எப்படி இருந்தது என்ற இரண்டு விவரமும் ஏற வேண்டும். ஊர் ஊராக நடக்கும் முகாமில் சினை பிடிக்காத மாட்டைக் கொண்டுவா என்று கூப்பிடுகிறோம். ஈன்று ஒரு மாதமான மாட்டைக் கொண்டுவா என்றும் கூப்பிட வேண்டும். மலட்டுத்தனம் வந்த பிறகு மருந்து தேடுவதை விட அது செலவு குறைவான வேலை. பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஈன்ற மாட்டுக்கு முதல் நாற்பது நாளுக்கான தீவனத்தையும் தாது உப்பையும் கடனாகக் கொடுத்து, பால் பணத்தில் பிடித்துக்கொண்டால் சங்கத்துக்கும் நஷ்டமில்லை.

நாளைக்கு யாராவது மரபணுச் சோதனை என்று சொல்லிப் பணம் கேட்டு உங்கள் கொட்டில் வாசலுக்கு வரலாம். ஆராய்ச்சிச்சாலைக்கு அந்தச் சோதனை தேவை. உங்களுக்குத் தேவையில்லை. மாட்டின் மதகை மூடித் திறக்கும் சாவியில் பாதி அதன் வம்சத்தில் இருக்கலாம். மறுபாதி உங்கள் தீவனக் கூடையில் இருக்கிறது. அடுத்து உங்கள் வீட்டில் மாடு ஈனும்போது தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கொடி விழுந்த நேரத்தையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 30-வது நாள் மருந்தகத்துக்கு ஓட்டிப் போய்க் காட்டுங்கள். கருப்பை ஆறிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகு, கண்ணாடி போன்ற வழும்பு தெரியும் பருவத்தில் ஊசி போடுங்கள். அதற்குப் பிறகும் மாடு நிற்கவில்லையென்றால், அப்போது ஊசியைக் குறை சொல்லலாம். அது நியாயமாக இருக்கும்.